மூடியளவு எண்ணெய்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் தவசிமுத்துவுக்கு ஐம்பத்து நாலு வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அச்சடித்த தாளை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா அவர் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி பரிபூரணத்திடம் கொடுத்தார். நெஞ்சு இவருடையது, பொறுப்பு அவளுக்கு. நம் ஊர் வழக்கம் அப்படித்தானே.

பரிபூரணம் அந்தத் தாளை வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் எண்ணெய் அளந்தாள். ஒரு குழம்புக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். தேங்காய்ச் சட்டினி போயிற்று, முட்டையில் மஞ்சள் கரு போயிற்று. தனக்கென்று தனியாகச் சமைக்க மனசு வராமல் அவளும் அதையே தின்றாள். சுந்தரபாண்டியத்தில் தங்கை மகள் கல்யாணத்தில் ஊரே பிரியாணி சாப்பிட, இவர்கள் ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

தவசிமுத்து இரண்டு மாதம் யோக்கியமாகத்தான் இருந்தார். மூன்றாம் மாதம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணெயில் பொரிகிற பரோட்டாவின் மணம் காலைக் கட்டிப் போட்டது. ஒன்றே ஒன்று என்று உட்கார்ந்தவர் சால்னாவோடு மூன்று தின்றார். அப்புறம் செவ்வாய், வெள்ளி. அப்புறம் கிழமையே பார்க்கவில்லை. மாத்திரைதான் போடுகிறோமே என்று மனசுக்கு ஒரு சமாதானம். வாய் கொப்பளித்து, பாக்கு மென்று, வீட்டுக்குப் போய் அந்த மூடியளவு குழம்பையும் நல்ல பிள்ளையாகச் சாப்பிடுவார்.

ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எழுபதுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு நூற்று முப்பத்தெட்டு.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு பரிபூரணத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, என்னத்தப் பொங்கிப் போடுறீங்க? புருஷன் உயிரோட இருக்கணும்னு நெனப்பு இருக்கா, இல்லையா?”

வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பரிபூரணம் விரலால் மூடியின் அளவைக் காட்டினாள்.

“ஒரு மூடிதான் ஊத்துதேன் டாக்டர். கை கூடிப்போச்சோ என்னமோ. இனிமே தாளிக்கவே மாட்டேன்.”

தவசிமுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் தன் தப்பையே தேடிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, போன மாசம் ரெண்டு வடை சுட்டுத் தந்தேனே, அதா இருக்குமோ?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜபாளையத்தில் இறங்கி நடந்தபோது, கல்லுக்கு முன்னால் நின்ற பரோட்டா மாஸ்டர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“அண்ணாச்சி! எப்பயும் போல மூணா?”

பரிபூரணம் திரும்பித் தங்களுக்குப் பின்னால் பார்த்தாள். “ஆரைக் கூப்பிடுதான்?”

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

“என்னையத்தான்,” என்றார். “நாலு மாசமா திங்கேன்.”

நடுரோட்டில் திட்டுவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பரிபூரணம் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள்.

“அப்ப என் சமையல்ல குத்தமில்ல,” என்றாள்.

ஸ்டென்ட் வைத்த அன்று சாவுக்கு அப்படிப் பயந்த தவசிமுத்துவுக்கு, அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.