பாட்டுக்குக் கட்டிய தூண்

கொத்தனாருக்கு ஐம்பத்தொரு வயது. அவர் விரும்பிப் பார்க்கிற படங்களில் ஒன்றுகூட அவர் பிறந்த பிறகு எடுத்ததில்லை. தெருவில் அவருக்குக் 'கறுப்பு வெள்ளை' என்றே பெயர். கலர்ப் படம் வந்தால் டீவியை அணைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அப்படி என்னதான் இருக்கிறது பழைய படத்தில் என்று கேட்டால், நடிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சுவரைப் பற்றித்தான் பேசுவார். கதாநாயகி தாயைப் பறிகொடுத்துக் கதறிக்கொண்டிருப்பாள். இவர் பின்னால் தெரியும் சுவரின் மூலையைக் காட்டி, "மூலமட்டம் பாத்தியா, நூல் புடிச்ச மாதிரி!" என்பார்.

"பொணம் கெடக்குது, உங்களுக்குச் சுவரு கேக்குதா?" என்பாள் மனைவி.

"பொணமா நடிச்சவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க. சுவரு எங்க போவும்?"

அப்படிப்பட்ட சுவர்களில் ஒன்று அவர்கள் ஊரிலேயே இருந்தது. ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்த பழைய பங்களா, இப்போது தையல் கம்பெனி. அதன் கீழ்க்கூடத்தில் எழுபது பெண்களோடு அவர் மனைவியும் மெஷின் ஓட்டுகிறாள். கூடத்தின் நடுவே முன்பு ஒரு தூண் இருந்தது. ஊரே அறிந்த ஒரு பாட்டில் கதாநாயகி அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். அந்தப் பாட்டுக்காகவே கட்டி நிறுத்திய செட்டுத் தூண் அது என்று வாட்ச்மேன் வருவோர் போவோருக்கெல்லாம் கதை சொல்லுவார். அந்தப் படத்தை நாற்பது தடவை பார்த்த கொத்தனாருக்கும் அந்தக் கதை வேதவாக்கு.

போன வருடம் வெட்டுமேசை போட இடம் போதவில்லை என்று முதலாளி தூணைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துடலாமா?"

வேறெந்தக் கட்டடமாக இருந்தாலும், இஞ்சினியரைக் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். இங்கே நாக்கு முந்திக்கொண்டது. "இது தூணே இல்ல முதலாளி. சினிமாக்காரங்க வச்ச செட்டு. அந்தப் படத்த நாப்பது தடவ பாத்திருக்கேன். எனக்குத் தெரியாததா?" நுணலும் தன் வாயால் கெடும்.

உடைக்க இரண்டு நாள் ஆனது. உள்ளே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இறுகிக் கிடந்தன. செட்டு என்றால் பலகையும் சாக்கும் அல்லவா இருக்கவேண்டும்? கைக்குச் சந்தேகம் வந்தது. 'அந்தக் காலத்து ஆளுங்க பொய்யக்கூடக் கெட்டியாத்தான் கட்டியிருக்காங்க' என்று வாய் சமாதானம் சொல்லிவிட்டது. உச்சியில் கூரையை மறைத்துப் பலகை அடித்திருந்தார்கள். அதுவரை உடைத்தெடுத்தார். பலகைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் அவர் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

இந்த மழையில் ஒரு நாள் வேலை இல்லை. காலை பத்து மணி, மனைவி கம்பெனிக்குப் போயிருந்தாள். யாரோ புதிதாக ஏற்றியிருந்த ஒரு படம் செல்போனில் கிடைத்தது. பாட்டுப் படத்துக்குப் பன்னிரண்டு வருடம் மூத்தது. கால் மணி நேரம் போனதும் ஒரு பங்களா வந்தது. அரைவட்ட ஜன்னல்கள், வாசலில் மூளியான மூன்றாவது படி. அந்த மூளியைச் சிமெண்ட் வைத்து அடைத்தவரே அவர்தான். "அட, நம்ம பங்களா!" என்று தனியாக உட்கார்ந்து கைதட்டினார்.

காட்சி உள்ளே போனது. கூடத்தின் நடுவே தூண் நின்றது.

பாட்டுக்காகக் கட்டிய தூண், பாட்டுக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் எப்படி வந்தது? வில்லன் அதில் சாய்ந்து சுருட்டுப் பிடித்தான். பலகை மறைப்பு அப்போது இல்லை. காமிரா மெல்ல மேலே போயிற்று. நான்கு பக்கமிருந்தும் நான்கு உத்தரங்கள் வந்து தூணின் தலையில் உட்கார்ந்திருந்தன. மாடியின் பாரம் முழுவதும் அதன் மேல்தான்.

கொத்தனார் படத்தை நிறுத்தினார். போன மாதம் மாடி நிறையத் துணிக்கட்டுகளை அடுக்கியிருப்பதாக மனைவி சொன்னாள். வாசல் கதவு சாத்த வரவில்லை, மழைக்கு உப்பியிருக்கும் என்றாள். தினமும் தலையில் வெள்ளைத்தூளோடு வந்து, "எல்லாம் சாக்பீஸ் தூளு" என்று அலுத்துக்கொள்வாள். அவள் சீப்பை எடுத்து, பல்லிடுக்கில் இருந்த தூளை விரலில் தேய்த்தார். நறநறவென்றது. சாக்பீஸில் மணல் ஏது? அது காரை.

கம்பெனியில் செல்போன்களை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கம்பெனி நம்பருக்கு மூன்று தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்தார்.

"மேனேஜர் சார், எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. கூரை எறங்குது."

"யாரு சொன்னா?"

"படத்துல பாத்தேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "சாயங்காலம் சரக்கு ஏத்தணும் கொத்தனாரே. எதுவா இருந்தாலும் முதலாளி வரட்டும்."

உள்ளே எழுபது மெஷின்களின் இரைச்சல். கரண்ட் போனால் அந்தக் கூடத்தில் மூச்சு முட்டும், பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்து நின்று ஊர்க்கதை பேசுவார்கள் என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மெயின் சுவிட்ச் வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் இருந்தது. கொத்தனார் நேரே போய் அதைக் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

பெண்கள் சிரித்தபடி வந்தார்கள். மனைவி கண்ணில் படும்வரை அவருக்கு உயிர் உயிராக இல்லை. அவள் கடைசியாக, தலையைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க இது? என் வேலைக்கு உலை வைக்கிறீங்களே, தள்ளுங்க."

"அந்தத் தூணு செட்டு இல்ல. நெசத் தூணு. ஒடைக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சொன்ன வாய மாத்த வெக்கமா இருந்துச்சு."

அவள் தன் உள்ளங்கையில் இருந்த வெள்ளைத்தூளைப் பார்த்தாள். முற்றத்தில் பேச்சு நின்றது. மெஷின் சத்தமில்லாத கூடத்திலிருந்து, பழைய துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல ஒரு ஓசை வந்தது. சுவிட்சை நோக்கி நீண்ட மேனேஜரின் கை அப்படியே நின்றது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார் கொத்தனார்.

"மாடியில கட்டு அடுக்குறவங்க ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் மனைவி. "அங்க ஃபேனே கெடையாதே. கரண்ட் போனது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலே பார்த்துக் கத்திப் பார்த்தார். ஜன்னல்களை அடைத்துத் துணிக்கட்டுகள் நின்றன. பதில் இல்லை. மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தார். அவர் பூசிய சிமெண்ட் இரண்டாகப் பிளந்திருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனார்.