தாவீதின் கில்ட்

போன வியாழக்கிழமை காலை அருள் போன் செய்தான். தாவீதின் மூத்த மகன். "சார், நைனா போயிட்டாரு" என்றான். நான் பஸ் பிடித்து ஊருக்குப் போனபோது, நிறுத்தத்திலேயே பேனர் கட்டியிருந்தார்கள். தாவீதின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில், 'சாந்தமே உருவான ஆசிரியர்'.

அவரை அறிந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். எந்த நாளில் தாவீது சாந்தமாக இருந்தார்? தலைமை ஆசிரியர் அறைக் கதவை அவர் ஓங்கிச் சாத்திய சத்தத்தை உங்களில் யார் கேட்கவில்லை? ஒருவர் செத்ததும் அவருடைய கோபத்தைத் துடைத்தெடுத்துவிட்டு மாலை போடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அந்தக் கோபத்துக்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதில் தாவீதை 'அவர்' என்றே எழுதப்போகிறேன், பதினான்கு வயதுப் பையனாக வரும் இடத்திலும். அவருடைய தகப்பனார் ஏசடியானையும் அப்படித்தான். எங்கள் தெருவில் அவர்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நிலம் எங்கள் தெருக்காரர்களிடம் இருந்தது, அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் காலனியில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சாரணர் படை ஒன்று உண்டு. காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிப்போன ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், தன் ஊர்ச் சாரணர்களின் அன்பளிப்பு என்று ஒரு டிரங்குப் பெட்டியை அனுப்பிவைத்தார். ஸ்கவுட் மாஸ்டர் அதை வகுப்பறையில் எங்கள் முன்னால் திறந்தார். உள்ளே எட்டு கில்ட். கம்பளித் துணி, பச்சையும் நீலமும் கட்டம் போட்டது, பின்பக்கம் கத்தி மடிப்பாக மடிப்புகள், இடுப்பில் தோல்வார். கூடவே முழங்கால் வரைக்கும் காலுறை, எட்டு ஜோடி பூட்ஸ்.

"அங்கே ஆம்பளைங்க கட்டறதுடா. ஸ்கவுட்டுங்களும் இத்தத்தான் கட்டறாங்க" என்றார் மாஸ்டர். "யாரு போட்டுக்கறீங்க?"

நாங்கள் சிரித்தோம். பெஞ்சைத் தட்டிச் சிரித்தோம். "பாவாடை சார்!" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

தாவீது எழுந்தார். காலனியிலிருந்து படையில் சேர்ந்திருந்த ஆறு பேரில் அவர்தான் உயரம். "குடு சார், நான் கட்டிக்கறேன்" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்க நைனா கோமணம் கட்டிக்கினு உங்க கழனில நிக்கறாரு. அத்தப் பாத்து எவனும் சிரிக்கல. இத்தப் பாத்து இன்னாடா சிரிப்பு?"

காலனிப் பையன்கள் ஆறு பேரும், தச்சர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் அந்த எட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் ஏரிக்கரையில் பயிற்சி நடந்தது. சித்திரை வெயிலில் கம்பளி. தொடையெல்லாம் வேர்க்குரு வந்து சொறிந்துகொண்டே நடந்தார்கள். மடிப்பு கலையாமலிருக்க, தாவீது அதைப் பாய்க்கடியில் விரித்து அதன்மேல் படுத்துத் தூங்குவார் என்று அவருடைய அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். படை அணிவகுத்துத் திரும்பும் வழி எங்கள் தெரு. காலனிக்காரர்கள் கால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெரு அது. அதில் எட்டுப் பேர் பூட்ஸ் சத்தத்தோடு, கில்ட் ஆட, தலை நிமிர்ந்து போனார்கள். சாரணர் உடை என்பதால் யாராலும் வாய்திறந்து தடுக்க முடியவில்லை. என் அப்பா வாசலில் நின்று பார்த்தார். "பூட்ஸ் சத்தம் காத அடைக்குது" என்றார். அவருக்கு எது அடைத்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு சென்னையிலிருந்து சாரண அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அசந்துபோனார். வாலாஜாபாத்தில் நடக்கப்போகும் பேரணியில் இந்த எட்டுப் பேரும் முன்னால் நடக்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள், அப்படியே பெங்களூர் முகாமுக்கும் அழைத்துப்போவோம் என்றார். அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் பாவாடை என்ற வார்த்தை நின்றுபோனது. "துரைங்க உடுப்பு" என்று பேச ஆரம்பித்தார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாவும் அவரும் ஸ்கவுட் மாஸ்டரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

பேரணிக்கு மூன்று நாள் முன்னால், வெளுத்துத் தருவதாகச் சொல்லி எட்டு கில்டையும் மாஸ்டர் வாங்கிக்கொண்டார். பேரணி அன்று காலை, வாலாஜாபாத் மைதானத்தில் கூடாரத்துக்குப் பின்னால் வைத்து, எங்கள் தெருப் பையன்கள் எட்டுப் பேரிடம் அவற்றைக் கொடுத்தார். எனக்கு வந்தது தாவீதுடையது. உள்பக்கம் இடுப்புப் பட்டியில் சிவப்பு நூலால் 'தா' என்று அவருடைய அம்மா தைத்திருந்தார்.

எனக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. மடிப்பை வயிற்றுப்பக்கம் வைத்து வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். பழைய காக்கி அரைக்கால் சட்டையில் தாவீது எதிரே வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார்.

"மடிப்பு பின்னால வரணும்" என்றார். "அதுகூடத் தெரியல உனுக்கு."

அணி நின்றது. அதே அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகங்கள் மாறியிருந்தது அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. பின்வரிசையிலிருந்து தாவீது வெளியே வந்தார். சல்யூட் அடித்தார். "சார், அவன் கட்டிக்கினு கீறது என்னோட கில்ட் சார். உள்ளார எம் பேரு கீது. பாருங்க" என்றார்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி என்னிடம் கேட்டார். "தம்பி, இது யாருடையது?"

"என்னுது சார்" என்றேன்.

அதிகாரி பட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு விரல் போதும். பார்க்கவில்லை. அடுத்த பையனிடம் போய்விட்டார். ஸ்கவுட் மாஸ்டர் தாவீதைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கன்னத்தில் அறைந்தார், கழுத்து ஸ்கார்ஃபை உருவிக்கொண்டார். நாங்கள் முன்னால் நடந்தோம். பத்திரிகையில் படம் வந்தது. பெங்களூர் போனோம். குளிராக இருந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தப் பருவம் முழுக்க ஏசடியானை எங்கள் ஊரில் எந்தக் கழனியிலும் இறங்கவிடவில்லை. ஏற்பாடு செய்தவர் என் அப்பா. ஏசடியான் தாமல் பக்கம் போய், அங்கே ஏரியில் மண் வெட்டி, மாதக்கணக்கில் தங்கிப் பிழைத்தார். மகன் ஒரு வாக்கியம் உண்மை பேசியதற்கு.

அறுபதுகளின் நடுவில் தாவீது பயிற்சி முடித்து எங்கள் பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். நான் அதற்கு ஒரு வருஷம் முன்பே அங்கே தமிழ் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். முதல் வாரமே அவரைத் தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அழவும் செய்தேன் என்று நினைக்கிறேன். அவர் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டார்.

"கேட்டுட்டா உனுக்கு நிம்மதி. எனுக்கு இன்னா? எங்க நைனாவாண்ட போய்க் கேளு."

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். இருபத்துமூன்று வயதில் அதுதான் நான் அங்கே முதல் தடவை காலெடுத்து வைத்தது. என்னைப் பார்த்ததும் ஏசடியான் கயிற்றுக் கட்டிலிலிருந்து பதறி எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் எதுக்கு சாமி, நீங்க நல்லா இருந்தா சரி" என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

உள்ளேயிருந்து தாவீது வெளியே வந்தார். "நைனா, உக்காரு" என்றார்.

"இருடா, ஐயா நிக்கறாரு இல்ல..."

"உக்காரு நைனா! தப்புப் பண்ணது அவன். அவன் நிக்கட்டும். நீ இன்னாத்துக்கு நிக்கற?" அந்தக் குரலுக்கு அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஏசடியான் கட்டிலின் ஓரத்தில், பாதி உடம்பு மட்டும் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும், என் அப்பா செய்ததையும். முடிந்ததும் ஏசடியான் துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தாமல்ல மண்ணு ரொம்பக் கெட்டி சாமி" என்றார்.

பள்ளியில் சாரணர் படையைத் தாவீதுதான் எடுத்து நடத்தினார். ஒரு தடவை மேலதிகாரி வந்தபோது, தலைமை ஆசிரியர் காலனிப் பையன்களைப் பந்தலுக்குத் தண்ணீர் சுமக்க அனுப்பிவிட்டு, மற்றவர்களை அணியில் நிறுத்தினார். தாவீது அணிக்கு நடுவில் போய் விசில் ஊதி எல்லாரையும் கலைத்தார். "தண்ணி தூக்கறதுன்னா எல்லாரும் தூக்கட்டும். நடக்கறதுன்னா எல்லாரும் நடக்கட்டும்" என்றார், அதிகாரி காதில் விழ. அதற்காக அவருக்கு மெமோ வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் அதேபோல்தான் எல்லாரையும் அணிவகுக்கவைத்தார். அன்று நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "நீ நின்னா என் வேலை கொறையாது, போய்க் கிளாஸ் எடு" என்றார்.

தாவீது இறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேடையில் அந்தப் பழைய பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கில்ட் கட்டிய எட்டுப் பையன்கள். பழைய மாணவர் சங்கத் தலைவர் மைக்கில், "இதோ, மூன்றாவதாக நிற்பவர்தான் நம் தாவீது சார். அந்தக் காலத்திலேயே எந்த வித்தியாசமும் இல்லாமல் நம் ஊர் அவரைக் கொண்டாடியது" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். "அது தாவீது இல்லை, நான். இந்தப் படத்தில் தாவீது இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே, "சாவு நடந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு சார்" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையை உதறிவிட்டு முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. அது எனக்கு நிறைவாக இருந்தது.

வெளியே வந்தபோது அருள் நின்றிருந்தான். "இத்த நைனா இருக்கச்சே மைக்ல சொல்லியிருக்கணும் சார்" என்றான். அவன் முகத்தில் அவருடைய கண்.

தாவீது என்னை நண்பன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம் ஒன்றுதான். என் அப்பாவின் மேல், என் தெருவின் மேல், 'என்னுது சார்' என்ற இந்த வாயின் மேல். நான் இருக்கிற வரைக்கும் அதை ஆறவிட மாட்டேன்.