தன்மத்தி ஆன்ட்டி காயப்போட்ட புத்தகம்

தன்மத்தி ஆன்ட்டிக்கு ஊர்வம்பு பிடிக்காது. உயிரோடு இருப்பவர்களின் வம்பு என்று திருத்திச் சொல்ல வேண்டும். செத்து இருநூறு வருஷம் ஆனவர்களின் வம்பென்றால் சோற்றையும் மறந்துவிடுவார்.

எங்கள் பெர்பிஸ் கடற்கரை ஊரில், கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பழைய பதிவு அறைக்கு அவர்தான் காவல், அவர்தான் துடைப்பம். அங்கே கிடந்தவை வெள்ளைக்காரன் காலத்துப் புகார்ப் புத்தகங்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகள் நடந்தே வந்து அதிகாரியிடம் முறையிடுவார்கள், குமாஸ்தா எழுதிக்கொள்வான். புகார் பொய்யென்று அதிகாரி முடிவு கட்டினால், சொன்னவருக்கே சவுக்கடி. பெரும்பாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு நான் போகிற இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே மின்விசிறி உண்டு, ஆன்ட்டி சுடுகிற, பருப்பு அடைத்த தால்பூரி ரொட்டியும் உண்டு. சாப்பிடும்போது ஒரு புகாரில் ஒரு பக்கம் வாசிப்பார். அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை வாசித்த புகாரில் வந்தவள் ரோசெட். அவள் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் மேனேஜர் அவளுடைய மகளைப் படகில் ஏற்றி விற்க அனுப்பிவிட்டானாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதாமே, என்று கேட்டிருந்தாள். அதிகாரி மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கம் முடிந்தது.

“திருப்புங்க ஆன்ட்டி.”

“திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போனாலும் போயிடுவேன்.”

“ஆமா, மாடு ஏரோப்ளேன் ஓட்டும். டப்பாவைக் கழுவி வை.”

எங்கள் கரை கடலைவிடத் தாழ்வு. கடல் ஏறியிருக்கும்போது மதகைத் திறக்க முடியாது. சனிக்கிழமை கடல் ஏறியிருக்கும்போதே மழையும் கொட்டியதால், தண்ணீர் பதிவு அறைக்குள் போனது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிவிட்டன. ரோசெட்டும் கீழ்த்தட்டில்தான் இருந்தாள்.

ஆன்ட்டி நெல் விவசாயி மகள். எங்கள் பக்கம் நெல்லைத் தார் ரோட்டில்தான் காயப்போடுவோம். வண்டிகள் ஒதுங்கிப் போகும். ஈரம் என்றால் அவருக்கு ரோடுதான் ஞாபகம் வரும். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை வெயில் வந்ததும் தார்ப்பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பினோம். அவர் வெறுங்காலோடு நடுவில் நடந்து, நெல்லைக் கிளறுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டிப்போட்டார்.

மினிபஸ்காரன் வேகத்தைக் குறைத்தான். “என்ன ஆன்ட்டி, இந்தத் தடவை புத்தக அறுவடையா? மூட்டை என்ன விலை?”

“உன் பஸ்ஸை வித்தாலும் பத்தாது. ஒதுங்கிப் போடா.”

சாயங்காலம் மற்ற புத்தகங்கள் கோணிக்கொண்டாவது திறந்தன. ரோசெட்டின் புத்தகம் திறக்கவில்லை. தாளில் இருந்த பழைய பசை வெயிலில் இளகி, பிறகு இறுகி, மொத்தமும் ஒரே கட்டையாகியிருந்தது.

தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து பழைய தாள்களைச் சரிசெய்கிற குவாமினா வந்தார். சின்ன வயசு. திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நனைஞ்ச உடனே ஐஸ்ல உறைய வச்சிருக்கணும் ஆன்ட்டி. அப்புறம் நிதானமா பிரிச்சிருக்கலாம்.”

ஆன்ட்டி ரோட்டைப் பார்த்தார். எதிரில் மீன்காரர்களின் ஐஸ் கிடங்கு.

“இப்ப வச்சா?”

“இப்ப பிரயோஜனமில்ல. கத்தி வச்சா தூளாயிடும்.”

“ஒரே ஒரு பக்கம் போதும் தம்பி. அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளான்னு மட்டும்.”

“எந்தப் பொண்ணு?”

“ரோசெட் மக.”

“பேரு?”

“அது அடுத்த பக்கத்துலதான் இருக்கும்.”

குவாமினா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு ஆன்ட்டி ரொட்டி திருப்பும் கரண்டியின் முனையை ஓர் ஓரத்தில் நுழைத்தார். விரல்நக அளவு தாள் பொடிந்து மடியில் விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டார்.

“கெடச்சிருப்பா ஆன்ட்டி,” என்றேன். “மேனேஜர் பயந்துபோய்ப் படகைத் திருப்பியிருப்பான்.”

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப வாயை மூடு.”

கோர்ட்டைப் பூட்டுகிற ஆள் வந்து வாசலில் நின்றார். ஆன்ட்டி அந்தக் கட்டையை மடியை விட்டு எடுக்கவில்லை. பூட்ட வந்தவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.