தறி ஓடாத நாளில் பார்த்த சோதனை

அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. தேவையும் இல்லை. நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில், டிசைன் பிரிவில், பக்கத்து நாற்காலிக்காரன் ஒருவன் ஒரு வாரமாகக் குத்திக்கொண்டே இருந்தான்.

"லாக் இல்லாத பிராசஸரத் தேடிப் புடிச்சு வாங்கிப்போட்டு, இன்னும் அதே ஸ்பீடுலதான் ஓட்டறீங்களாக்கு? எதுக்குங்க அது, பூஜை பண்றதுக்கா?"

ரோஷம் வந்துவிட்டது. காரணம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்படிதான் விற்பனைக்கு வருகிறது. லாக் இல்லாத ரகத்தில் அதை நாமே மாற்றலாம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு விசையை அழுத்தினால், அமைப்புகளை மாற்றுகிற பயாஸ் திரை வரும். அதில் ஓர் எண்ணை ஏற்றினால் வேகம் ஏறும். மின்னழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும், சூடும் சேர்ந்து ஏறும். இதுதான் ஓவர்க்ளாக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, முப்பத்தாறு என்று இருந்ததை எடுத்தவுடன் நாற்பத்தாறு ஆக்கினேன். திரை கறுப்பாகவே நின்றது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் பழைய நிலைக்கு வந்தது. அடுத்து நாற்பத்து மூன்று வைத்தேன். ஓடியது. பிராசஸரைப் பிழிந்து பார்க்கும் மென்பொருளை மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். சூடு எண்பது டிகிரியைத் தொடவில்லை. திரையைப் படம் எடுத்து நாற்காலிக்காரனுக்கு அனுப்பிவிட்டு, பெரிய சாதனை செய்தவன் மாதிரி டீ குடித்தேன்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. அதே கம்ப்யூட்டரில்தான் அவள் எட்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. குழந்தை பிறந்த பிறகு நின்றுபோன வேலையை விட்டு, புதிதாக ஒன்றைப் பிடிக்கப் பார்த்தாள். காந்திபுரத்தில் ஒரு கம்பெனி, தேர்வில் பாஸானால் அடுத்த மாதமே சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் எழுந்து போகக் கூடாது, இணைப்பு அறுந்து போகக் கூடாது.

நாங்கள் இருப்பது சூலூரில், ஒரு தறிக்குடோனை ஒட்டின வீடு. குடோனுக்கும் எங்கள் அறைக்கும் ஒரே சுவர். தறி ஓடினால் பஞ்சு பறக்கும். நாலு நாள் துடைக்காவிட்டால் டிவி மேல் விரலால் கோலம் போடலாம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் சோதனை செய்தது ஞாயிற்றுக்கிழமை. தறிக்கு லீவு. ஜன்னல் இரண்டும் திறந்திருந்தது. அன்று காலையில்தான் கம்ப்யூட்டர் ஃபேனை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்திருந்தேன். வருஷத்தில் எந்த நாள் இந்த வீட்டில் சுகமாக இருக்குமோ, அந்த நாளில் பார்த்துவிட்டு எல்லா நாளும் ஓடும் என்று முடிவு கட்டிய முட்டாள் நான்.

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. சித்திரை வெயில். தறிச் சத்தம் கேட்டால் கண்காணிப்பவர் சந்தேகப்படுவார் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டாள். நான் லீவு போட்டுவிட்டு வெளியே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்து ஓடி வந்தாள்.

"ஏனுங்க, கரண்டு போச்சுங்களா?"

"இல்லியே."

"சிஸ்டம் தானா ஆஃப் ஆயி ஆன் ஆச்சுங்க. மறுபடியும் உள்ள போனேன். அஞ்சு நிமிசத்துல திரும்பவும் ஆஃப் ஆயிருச்சு. இப்ப பரீட்சைய கேன்சல் பண்ணிட்டாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டேன், சுட்டது. பக்க மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு படுக்கை மாதிரி அடைந்து கிடந்தது. பழைய வேகத்தில் இருந்தவரை இந்தப் பஞ்சையும் தாங்கிக்கொண்டுதான் ஓடியது. நான்தான் அதற்கு மூச்சு விட இடமில்லாமல் செய்திருந்தேன்.

வாயில் வந்தது வேறு. "வோல்டேஜ் ஆடியிருக்கும். பக்கத்துலயே இத்தன தறி ஓடுனா எப்படி நிக்கும்?"

அடுத்தவன் பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்கிறவன் நான். அன்று யோசிக்கக்கூட இல்லை.

அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகக் குடோனுக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். குடோனை நடத்தும் தறிக்காரர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். தறியை நிறுத்திவிட்டு அவள் கத்தியதை முழுக்கக் கேட்டார்.

"அம்மணி, கோவிச்சுக்காத. அடுத்த பரீட்சை என்னிக்குன்னு சொல்லு. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தறிய நிறுத்திப்போடறேன்."

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி. தறி நின்றால் அன்று பாதி நாள் கூலி போச்சு. அவர்களில் ஒரு பெண், "நீ நல்லா எழுது கண்ணு, நாங்க சித்த உக்காந்துக்கறோம்" என்றாள். அதுதான் என்னை அடித்தது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வேகத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் முப்பத்தாறுக்கே இறக்கி வைத்தேன். மூன்றாம் நாள் காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குங்க பண்ணுனீங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தன் கேலி பண்ணுனான்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அந்த அண்ணன என்னென்ன பேசுனேன்னு கேட்டுட்டுத்தான நின்னீங்க? போயி நீங்களே சொல்லுங்க."

போனேன். தறிக்காரர் நூலை முடிந்துகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அவருக்கு ஓவர்க்ளாக்கை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மோட்டார் புல்லிய மாத்தித் தறி வேகத்த ஏத்துறாப்பலதானுங்க? நானும் பண்ணியிருக்கறேன். நூலு அந்து அந்து போகும். அப்பறம் பழையபடியே மாட்டிருவேன்." பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஆனா நான் ஏத்துனது என்ற சொந்தத் தறியிலீங்க."

இரண்டு மாதம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு வந்தது. அதற்குள் காந்திபுரம் கம்பெனியில் அந்த இடம் நிரம்பிவிட்டது. போத்தனூரில் இருக்கும் தோழி வீட்டில், தோழியின் லேப்டாப்பில் எழுதினாள். வண்டியில் கொண்டுபோய் விட்டேன். "நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றாள். வழியில் பேசிய ஒரே பேச்சு அது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினேன். குடோன் வாசலில் நின்றிருந்த தறிக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, அம்மணி பாஸாமா! மத்தியானம் லட்டுக் குடுத்துட்டுப் போச்சு. உங்களுக்கு இன்னும் சொல்லலீங்களா?"

எனக்கு அது அப்போதுதான் தெரியும். "சொல்லுச்சுங்ணா" என்றேன்.