மெஹர் சிஸ்டர் வாங்கிக்கொண்ட திட்டு

கிராம சுகாதாரச் செவிலியர் மெஹருன்னிசா காலமான செய்தி வந்தபோது, பால்வாடியில் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. என் நான்கு வயது மகனுக்கு மூக்கைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியது. அம்மை என்று நானே முடிவு கட்டினேன். வாசலில் வேப்பிலை செருகினேன். குளிப்பாட்டவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. பால்வாடி டீச்சருக்குத் தெரியாதது உண்டா என்ன?

நான் இரண்டு நாளாக வேலைக்கு வராததைக் கேள்விப்பட்டு மெஹர் சிஸ்டர் வந்தார். வேப்பிலையைப் பார்த்து வெளியிலேயே நின்றுகொண்டு, பையனின் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னார்.

"அம்மைனா நெஞ்சு, முதுகுனு உடம்பெல்லாம் இருக்கும் டீச்சர். இவனுக்கு மூக்கு, வாய் சுத்திதான் இருக்கு. பொருக்கைப் பாருங்க, வெல்லப்பாகு காஞ்ச மாதிரி மஞ்சளா இருக்கு. இது சிரங்குங்க. சோப்பு போட்டுக் கழுவி டாக்டர்கிட்ட காட்டணும்."

அம்மை கண்ட வீட்டில் சோப்பா? எங்கள் ஆத்தாளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

புண் மெல்லக் காய்ந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஜெயித்தவள் மாதிரி நடமாடினேன். பத்து நாள் கழித்துப் பையன் கண் வீங்கி எழுந்தான். சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனது. வெட்கத்தை விட்டு சிஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பழையதை ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு என்னோடு திருவண்ணாமலை பஸ் ஏறினார்.

தோலில் இருந்த கிருமியால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, அப்போதே ஏன் காட்டவில்லை என்று டாக்டர் கேட்டார். சிஸ்டர்தான் பதில் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேருமே அம்மைனு நெனச்சிட்டோம் சார்."

நர்ஸாக இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று வார்டே கேட்கும்படி திட்டினார் டாக்டர். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "உங்களைத் திட்டினா, அடுத்த தடவை புள்ளைய தூக்கிட்டு வரவே பயப்படுவீங்க" என்றார்.

மகன் தேறிவிட்டான். ஆனால் அம்மைக்கும் சிரங்குக்கும் வித்தியாசம் தெரியாத நர்ஸ் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. உங்களில் சிலரும் அதைக் கேட்டிருப்பீர்கள். நான் வாயே திறக்கவில்லை.

அவர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். தெரியாதவள் நான்தான். அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது. இத்தனை வருடம் அவர் சுமந்தார். இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன்.