வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே

எம். புதுப்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வெயிலில் தார் இளகுகிறது. டீக்கடைக்கு மேலே புது விளம்பரப் பலகை: 'கொடைக்கானலில் சொந்தக் காட்டேஜ். தனிமைக்கு உத்தரவாதம்.' படத்தில் பனிமூட்டம் படர்ந்த மலைச்சரிவு. அதில் குட்டி வீடுகள் ஒன்றையொன்று தொடாமல் எட்ட எட்ட நிற்கின்றன.

"எங்க மொதலாளி கட்டுனது," என்கிறார் பட்டாசுக் கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போன பெண். அலுமினியத் தூள் விரலெல்லாம் வெள்ளியாக அப்பியிருக்கிறது.

"போயிருக்கீங்களா?"

"கம்பெனிக்கு சீல் வச்சிருந்தப்ப, அங்கன கூட்டிப் பெருக்கக் கூட்டிட்டுப் போனாக. ரூமெல்லாம் தனித்தனியா நிக்கவும், பளக்கத்துல செருப்பக் களட்டிட்டு, எந்த ரூம்ல மருந்து கலப்பீகன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாக."

நானும் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"வீடெல்லாம் வித்துருச்சா?"

"பாதி அப்படியே கெடக்கு. யாவாரம் மந்தமாம். ஆனாலும் நடுவுல இருக்க எடத்துல கை வைக்க மாட்டாக. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்டா வாங்க ஆள் வராதாம்."

"பட்டாசுக் கம்பெனியிலயும் இடம் விட்டுத்தானே கட்டணும்?"

"விட்டுத்தான் கட்டியிருந்தாக. ஒரு ரூம் வெடிச்சா அடுத்த ரூம் தப்பணும்ல. தீவாளி ஆர்டர் கூடவும் அந்த எடத்துல தகரக் கொட்டகை போட்டாக." பலகையைப் பார்த்தபடியே சொல்கிறார்: "வெடிச்சப்ப எந்தங்கச்சி அந்தக் கொட்டகைக்குள்ளதான் இருந்தா."

பஸ் வருகிறது. படிக்கட்டில் நின்று பலகையை மறுபடியும் பார்க்கிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நல்ல பச்சைப் புல்.