செண்பக மரத்துக்கு நான் விட்ட தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரே தண்ணீருக்குத் திண்டாடிய கோடையில் நடந்தது இது. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்ப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்கு வருவது டேங்கர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத கடின நீர். அதை மென்மையாக்க மோட்டார் அறையில் சாஃப்ட்னர் என்று ஒரு கருவி உண்டு. வாரம் இரண்டு முறை உப்பைக் கரைத்து ஊற்றி அதைக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும். இவ்வளவும் வீணாகிறதே என்று மனசு பதைத்தது. ஒரு குழாயைப் போட்டு, அதைத் தோட்டத்துத் தொட்டிக்குத் திருப்பிவிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாராட்டு, கைதட்டும் படங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தோட்டக்காரர் கோலார் தங்கவயல் தமிழர். ஐம்பதைத் தாண்டியவர், பொம்மனஹள்ளியில் குடியிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற செண்பக மரம் அவர் கன்றாக வைத்து வளர்த்தது. உதிர்ந்த பூக்களைக் காலையில் பொறுக்கி, செக்யூரிட்டி மேஜையில் ஒரு தட்டில் வைப்பார். ஆபீஸ் கேபுக்குக் காத்திருக்கும் நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம்.

குழாய் போட்ட மூன்றாவது வாரம் என்னிடம் வந்தார்.

"சார், எலையெல்லாம் ஓரம் கருகுது. மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கு. இந்தத் தண்ணி பேடா சார், வேணாம்."

"வெயில்தாங்க. தண்ணி பத்தல. இன்னும் ரெண்டு மடங்கா விடுங்க" என்றேன்.

"ஆகட்டும் சார்" என்று போனார். சொன்னபடியே விட்டார்.

அடுத்த மாதம் மொட்டுகள் கருகி விழுந்தன. இலைகள் கொட்டி வெறும் கிளைகள் தெரிந்தன. தட்டு காலியாகக் கிடந்தது. ஒரு நாள் மரத்தடியில் குனிந்து, அந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மாதாமாதம் கையெழுத்துப் போட்டு உப்பு மூட்டைகளை இறக்கியவனே நான்தான். அந்த உப்பெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் தோட்டக்காரர் மேல் பாய்ந்தார்கள். தண்ணீரே விடவில்லை என்றார் ஒருவர். ஏதோ மருந்தை அடித்துவிட்டார் என்றார் இன்னொருவர். வேலையை விட்டு நிறுத்துவதாக முடிவானது. அவர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கைதட்டும் படங்கள் நினைவுக்கு வந்தன. தலையைக் குனிந்து போனை நோண்ட ஆரம்பித்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் குழாயைப் பழையபடி சாக்கடைக்கே மாற்றினேன். மரம் தேறவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது வெட்டிவிட்டார்கள். அன்றுதான் குழுவில் உண்மையை எழுதினேன். "பரவாயில்லை சார், நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள்" என்று பதில் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தோட்டக்காரரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நான் எழுதியதற்குப் பதிலே இல்லை. அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று.

மன்னிப்புக் கேட்க அவருக்குப் போன் செய்தேன். ஈஜிபுராவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கித் துடைப்பதாகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"மழ புடிச்சிருக்கே சார். நல்லா நாலு மழ ஊத்துச்சுன்னா உப்பு கீழ எறங்கிடும். நம்ம மரம் தப்பிச்சிக்கும்."

உப்புதான் காரணம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெட்டிய அடிக்கட்டை நனைந்துகொண்டிருந்தது. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

அதே இடத்தில் வைத்த குரோட்டன்ஸ் செடிக்கும் இப்போது இலையோரம் கருகுகிறது. ஒவ்வொரு மழைக்கும், செத்துப்போன அந்த மரம் பிழைத்துவிடும் என்று ஒரு மனிதர் எங்கோ நம்பிக்கொண்டிருப்பார் என்ற நினைப்புதான் என்னைக் கொல்கிறது.